ஒன்று, நான்கு, ஒன்று: கூட்டினால் பன்னிரண்டு

(மேல்நிலைக் கணினி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். மதிய உணவுக்கு முந்தைய கடைசி உரை என்னுடையது. ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். நான் தவறாகத் திருத்திய ஒரு விடைத்தாளைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் 11-ஆம் வகுப்புக்கு ஒரு மாதத் தேர்வு வைத்தேன். அதில் ஒரு 2 மதிப்பெண் வினா. ஒரு கட்டுரு, அதாவது ஸ்ட்ரக்ட். அதற்குள் மூன்று உறுப்புகள்: முதலில் ஒரு கேர், அடுத்து ஒரு இன்ட், கடைசியில் இன்னொரு கேர். இந்தக் கட்டுரு நினைவகத்தில் எத்தனை பைட் இடம் பிடிக்கும்? கேர் 1, இன்ட் 4, கேர் 1, ஆக மொத்தம் 6. என் விடைக்குறிப்பில் அதுதான் இருந்தது. ஒரே ஒரு மாணவி மட்டும் 12 என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் சுழித்தேன்.

மறுநாள் ஆய்வகத்தில் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். "சார், சைஸ்ஆஃப் போட்டுப் பார்த்தேன் சார். கம்ப்யூட்டரே 12னு சொல்லுது."

எனக்கு அது ஏன் என்று தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. "அது சிஸ்டத்துக்கு சிஸ்டம் மாறும்மா. பரீட்சைக்கு நோட்ல கொடுத்ததை எழுது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நம்மில் பலரிடம் இந்த வாக்கியம் கைவசம் இருக்கிறது. அது முழுப் பொய்யும் இல்லை. அதனால்தான் அது ஆபத்தானது.

என் தவறு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் சி++ படித்தது டர்போ சி++ காலத்தில். அங்கே இன்ட் என்றால் 2 பைட். உறுப்புகளை இடைவெளி இல்லாமல் ஒன்றையடுத்து ஒன்றாக வைப்பதே அதன் இயல்பான அமைப்பு. எனவே 1, 2, 1 என்று கூட்டினால் 4. சைஸ்ஆஃப் போட்டாலும் 4தான் வரும். கூட்டினால் போதும் என்ற பழக்கம் அங்கே படிந்தது. பிறகு புதிய நிரல்பெயர்ப்பிகள் வந்தன. இன்ட் 4 ஆனதை மட்டும் என் குறிப்பேட்டில் திருத்திக்கொண்டேன். கூட்டும் முறை மாறிவிட்டதைக் கவனிக்கவில்லை.

ஏன் 12 என்பதை இப்போது நான் கரும்பலகையில் விளக்குவதில்லை. கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு வரிசைக்கு 8 கட்டம் எடுத்துக்கொண்டு, முதல் கட்டத்துக்கு 0 என்று எண் போடச் சொல்கிறேன். ஒரு கட்டம் ஒரு பைட். விதி ஒன்றுதான்: 4 கட்டம் நீளமுள்ள பொருள், 4-ஆல் வகுபடும் எண்ணுள்ள கட்டத்தில்தான் தொடங்க வேண்டும். 1 கட்டப் பொருள் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். முதல் கேர் 0-இல் உட்காருகிறது. இன்ட் 1-இல் தொடங்க முடியாது, 4-க்குப் போகிறது. 1, 2, 3 காலி. இன்ட் 4 முதல் 7 வரை. அடுத்த கேர் 8-இல். இத்துடன் 9 கட்டம் ஆயிற்று.

பிள்ளைகள் பெரும்பாலும் 9 என்று நிறுத்திவிடுவார்கள். அப்போது, "இதே கட்டுருவை அணியாக வைத்து அடுத்ததையும் வரையுங்கள்" என்பேன். இரண்டாவது கட்டுரு 9-இல் தொடங்கினால் அதன் இன்ட் 13-இல் வரும். அது 4-ஆல் வகுபடாது. ஆகவே கட்டுருவின் கடைசியிலும் 3 காலிக் கட்டம் விட வேண்டியிருக்கிறது. மொத்தம் 12. இந்தக் காலிக் கட்டங்களுக்கு நிரப்பு பைட் என்று பெயர். இன்டை முதலில் எழுதி, இரண்டு கேரையும் அதன் பின்னால் எழுதினால் அதே மூன்று உறுப்பும் 8 பைட்டில் அடங்கிவிடும். அறிவிப்பின் வரிசையை மாற்றிக்கொள்ள சி, சி++ நிரல்பெயர்ப்பிகளுக்கு உரிமை இல்லை. ரஸ்ட் மொழியின் நிரல்பெயர்ப்பி தானே வரிசையை மாற்றிக்கொள்ளும்.

எதற்கு இந்த விதி? செயலி நினைவகத்திலிருந்து ஒவ்வொரு பைட்டாக எடுப்பதில்லை. இன்று நம் மேசைக் கணினிகளில் உள்ள செயலிகள் 64 பைட் கொண்ட ஒரு வரிசையாக எடுத்துத் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொள்கின்றன. 4-ஆல் வகுபடும் முகவரியில் தொடங்கும் 4 பைட் பொருள் ஒருபோதும் இரண்டு வரிசையில் கால் வைக்காது. விதியை மீறினால் சில பொருள்கள் எல்லையில் மாட்டிக்கொள்ளும். அவற்றுக்காக இரண்டு வரிசையையும் பார்க்க வேண்டும். இன்டுக்கு அவ்வளவுதான் தண்டனை: கொஞ்சம் தாமதம். நிரல் நிற்காது. நம் ஆய்வகக் கணினிகளின் செயலிகள் அந்த அளவுக்குப் பொறுமையானவை.

அந்தப் பொறுமை எப்போதும் இருக்காது என்பதை அதே மாணவிதான் எனக்குக் காட்டினாள்.

பொறியியல் கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒரு விடுமுறையில் பள்ளிக்கு வந்தாள். கையில் மடிக்கணினி. ஒரு படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் சிறிய நிரல். லினக்ஸில் எழுதியிருந்தாள். "சார், படத்தோட பேர் சின்னதா இருந்தா ஓடுது. பேர் நீளமா இருந்தா நின்னுடுது. எங்க தப்புன்னே தெரியல சார்" என்றாள். நானும் முதலில் சிரித்துவிட்டேன். கோப்பின் பெயருக்கும் வெளிச்சத்துக்கும் என்ன தொடர்பு?

அவள் பயன்படுத்தியிருந்தது வெக்டர் தரவினம். சி++-இல் வெக்டர் என்ற பெயரில் ஒரு கொள்கலன் உண்டு. நான் சொல்வது அதுவல்ல. செயலிக்குள்ளேயே இருக்கும் அகலமான பதிவேட்டில் பல எண்களை ஒன்றாக ஏற்றி, ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் கூட்டும் ஏற்பாடு இது. (நமக்குப் பதிவேடு என்றாலே வருகைப் பதிவேடுதான் ஞாபகம் வரும். அதிலும் ஒரு கட்டம் தவறினால் என்ன பாடு என்பது உங்களுக்குத் தெரியும்.) 1999-இல் பென்டியம் 3 செயலியுடன் வந்த எஸ்எஸ்இ கட்டளைகளில் இந்தப் பதிவேட்டின் அகலம் 16 பைட், 4 ஃப்ளோட் எண்கள் கொள்ளும். 2011-இல் வந்த ஏவிஎக்ஸில் அது 32 பைட், 8 ஃப்ளோட். பின்னால் வந்த ஏவிஎக்ஸ்-512 இல் 64 பைட், அதாவது தற்காலிக நினைவகத்தின் ஒரு முழு வரிசை.

விதி பழையதுதான். 16 பைட் வெக்டர் 16-ஆல் வகுபடும் முகவரியில் தொடங்க வேண்டும், 32 பைட் வெக்டர் 32-ஆல். தண்டனைதான் வேறு. வெக்டரை ஏற்றுவதற்குச் செயலியில் இரண்டு வகைக் கட்டளைகள் உண்டு. ஒன்று எந்த முகவரியானாலும் ஏற்றும். மற்றொன்று முகவரி ஒழுங்காக இருக்கிறது என்று நம்பியே ஏற்றும். இல்லையென்றால் அந்த இடத்திலேயே நிரலை நிறுத்திவிடும். நிரல்பெயர்ப்பி எந்தக் கட்டளையைத் தேர்ந்தெடுக்கும் என்பது தரவினத்தைப் பொறுத்தது. "இது 32 பைட் வெக்டர்" என்று நாம் அறிவித்துவிட்டால், முகவரி 32-ஆல் வகுபடும் என்று வாக்குக் கொடுத்ததாகவே அது எடுத்துக்கொள்ளும். அந்த நம்பிக்கையில் இரண்டாவது கட்டளையைப் போட்டுவிடலாம்.

அந்த மாணவியின் கட்டுருவில் ஒரு ஃப்ளோட்டும் ஒரு 32 பைட் வெக்டரும் இருந்தன. கூட்டினால் 36. சைஸ்ஆஃப் சொன்னது 64. ஃப்ளோட் 0-இல் தொடங்கி 4 பைட். பிறகு 28 பைட் காலி. வெக்டர் 32 முதல் 63 வரை. "வரிசையை மாத்தினா குறையுமா சார்?" என்று கேட்டாள். நோட்டில் வரைந்தே பார்த்தோம். வெக்டர் 0 முதல் 31, ஃப்ளோட் 32 முதல் 35. ஆனால் அணியில் அடுத்த கட்டுரு 32-இன் மடங்கில் தொடங்க வேண்டுமே! அப்போதும் 64தான். கேர், இன்ட் கணக்கில் 12-ஐ 8 ஆக்கிய தந்திரம் இங்கே பலிக்கவில்லை.

கட்டுருவுக்கு உள்ளே எல்லாம் சரியாகவே இருந்தது. கோளாறு அது தொடங்கும் இடத்தில். சாதாரண உள்ளக மாறியாக அறிவித்திருந்தால் நிரல்பெயர்ப்பியே அடுக்கில் சரியான இடம் பார்த்துக் கொடுத்திருக்கும். இவள் மால்லாக் மூலம் இடம் கேட்டிருந்தாள். மால்லாக்குக்கு எத்தனை பைட் வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும்; எதற்கு என்பது தெரியாது. 64-பிட் லினக்ஸின் வழக்கமான மால்லாக் கொடுக்கும் முகவரி 16-ஆல் வகுபடும், அவ்வளவே உறுதி. 16-இன் மடங்குகளை எழுதிப் பாருங்கள்: 16, 32, 48, 64. ஒன்றுவிட்டு ஒன்றுதான் 32-ஆல் வகுபடும்.

இப்போது கோப்பின் பெயருக்கு வருவோம். அவள் நிரல் முதலில் பெயரை வைக்க மால்லாக்கில் இடம் வாங்குகிறது. அடுத்து கட்டுருவுக்கு. முடிவுக்குறியையும் சேர்த்து 24 பைட் வரை கேட்டால் அந்த மால்லாக் உள்ளுக்குள் 32 பைட் ஒதுக்குகிறது. 25 பைட் கேட்டால் 48. பெயர் சிறிதாக இருந்தபோது கட்டுரு 32-இன் மடங்கில் விழுந்தது. ஓர் எழுத்து கூடியதும் 16 பைட் தள்ளி விழுந்தது. செயலி நிறுத்திவிட்டது. சரியான முகவரியைக் கேட்டு வாங்க அலைன்டு_அலாக் என்ற செயற்கூறு சி11 முதல் இருக்கிறது. ஒரு வரி மாற்றினோம். எந்தப் பெயருக்கும் ஓடியது. சி++17 முதல், நியூ செயற்குறி இப்படிப்பட்ட தரவினங்களுக்குத் தானாகவே சரியான முகவரி கொடுக்கும். அதற்கு முந்தைய தரங்களில் அந்த உறுதி இல்லை.

அன்றுதான் அவளிடம் அந்த 2 மதிப்பெண் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு மறக்கவில்லை.

"சிஸ்டத்துக்கு சிஸ்டம் மாறும்" என்றேனே, அதற்கு நல்ல உதாரணம் மூன்று எண் வெக்டர். முப்பரிமாண வரைகலையில் எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று ஃப்ளோட், 12 பைட். 12 இரண்டின் அடுக்கு அல்ல என்பதால் ஆளுக்கொரு வழி எடுத்திருக்கிறார்கள். ஓபன்சிஎல்லில் இந்தத் தரவினம் 16 பைட். நான்கு எண் வெக்டருக்குக் கொடுக்கும் அதே இடம். கூடா மொழியில் 12 பைட்டேதான். 4-ஆல் வகுபடும் எந்த முகவரியும் போதும். ஓபன்ஜிஎல் வரைகலையின் எஸ்டிடி140 விதியில் தொடக்கம் 16-இன் மடங்காக இருக்க வேண்டும், ஆனால் பிடிக்கும் இடம் 12தான். இந்த வெக்டரை அடுத்து ஒரு ஃப்ளோட் வந்தால், ஓபன்சிஎல்லில் அது 16-ஆம் பைட்டில் தொடங்கும், மற்ற இரண்டிலும் 12-இல். சாதாரண சி நிரலில் நான்கு ஃப்ளோட்டாக எழுதிய கட்டுருக்களை அப்படியே ஓபன்சிஎல்லுக்கு நகலெடுத்து அனுப்பினால், நான்காவது எண்ணிலிருந்து எல்லாம் இடம் மாறிப் படிக்கப்படும். பிழைச் செய்தி எதுவும் வராது. படம் மட்டும் கோணிக்கொண்டு நிற்கும்.

ஆக, மாறும் என்பது உண்மை. ஆனால் நிரல்பெயர்ப்பியின் மனம்போனபடி மாறுவதில்லை. ஒரே செயலி, ஒரே இயங்குதளம் என்றால் அதற்கென எழுதப்பட்ட ஓர் உடன்பாடு இருக்கிறது, ஏபிஐ என்பார்கள். எந்தத் தரவினம் எத்தனை பைட், எதன் மடங்கில் தொடங்க வேண்டும் என்று அதில் அட்டவணையே உண்டு. ஒரு நிரல்பெயர்ப்பி உருவாக்கிய நூலகத்தை இன்னொன்று உருவாக்கிய நிரல் பயன்படுத்த முடிவது அந்த உடன்பாட்டால்தான். "மாறும்மா" என்று நான் நிறுத்தியிருக்கக் கூடாது. எது மாற்றுகிறது என்று அடுத்த வாக்கியத்தையும் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது நான் வைக்கும் வினாவில் நிரல்பெயர்ப்பியின் பெயரையும், இன்ட் 4 பைட், 4-இன் மடங்கில் தொடங்கும் என்பதையும் எழுதிவிடுகிறேன். விடையாக எண்ணை மட்டும் கேட்பதில்லை, கட்டம் வரையச் சொல்கிறேன். திருத்துவதற்குக் கூடுதல் நேரம் ஆகிறது, மறைக்கவில்லை. ஆனால் 9 என்று எழுதிய பிள்ளை எந்த இடத்தில் நின்றுவிட்டது என்பது பார்த்தவுடன் தெரிகிறது.

சென்ற முறை ஒரு மாணவன் காலிக் கட்டங்களில் கேள்விக்குறி போட்டிருந்தான். "காலின்னா உள்ள என்ன சார் இருக்கும்? பூஜ்யமா?" என்றான். பூஜ்யம் என்று உறுதி சொல்ல முடியாது. இரண்டு கட்டுருக்களின் உறுப்புகள் எல்லாம் சமமாக இருந்தும், பைட் பைட்டாக ஒப்பிட்டால் வேறு வேறு என்று வரலாம். உணவு முடிந்து ஆய்வகத்துக்கு வாருங்கள், அந்தக் காலிக் கட்டங்களை அச்சிட்டுப் பார்ப்போம். பேனாவோடு கட்டம் போட்ட தாளும் கொண்டுவாருங்கள்.