வலிப்பு மாத்திரை இன்னும் எதற்கெல்லாம்?

வலிப்பு நோய்க்கென்று வந்த மாத்திரைகளில் பல, இன்று வலிப்பே வராதவர்களின் மருந்துச் சீட்டில் இருக்கின்றன. சர்க்கரை நோயால் பாதம் எரிகிறது என்று போகிறார் ஒரு பெரியவர். மருத்துவர் காபாபென்டின் எழுதித் தருகிறார். வீட்டில் பேரன் கைப்பேசியில் பெயரைத் தட்டிப் பார்க்கிறான்; வலிப்பு மருந்து என்று வருகிறது. தாத்தாவுக்கு எப்போது வலிப்பு வந்தது என்று வீடே கலங்குகிறது, மாத்திரை அலமாரிக்குப் போய்விடுகிறது. ஒற்றைத் தலைவலிக்கு டோபிரமேட் வாங்கிய பெண்ணுக்கும் இதே கதிதான். கல்யாணப் பேச்சு நடக்கிற வீடாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். காக்காய் வலிப்பு என்ற பெயருக்கு இன்னும் அவ்வளவு பயம் இருக்கிறது. இந்த மருந்துகள் அந்தச் சீட்டுகளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பது தெரிந்தால் அந்தப் பயம் குறையும். எந்தப் பயன் சோதித்து நிலைநாட்டப்பட்டது, எது வெறும் பேச்சு என்று பிரித்துப் பார்க்கவும் முடியும்.

மூளையின் நரம்பணுக்கள் மின்துடிப்பால் இயங்குகின்றன. அணுவின் சுவரில் உள்ள நுண்ணிய வாயில்கள் வழியாகச் சோடியம் உள்ளே பாயும்போது துடிப்பு கிளம்புகிறது. துடிப்பு நரம்பின் முனைக்கு வந்ததும் கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. அடுத்த அணுவுக்குச் செய்தி சொல்லும் வேதிப்பொருள் வெளிப்படுகிறது. அப்படி வெளிப்படுபவற்றில் குளூட்டமேட் தூண்டிவிடும், காபா அடக்கிவைக்கும். இந்தச் சமநிலை குலைந்து, ஒரு பகுதி அணுக்கள் அளவு மீறி ஒரே நேரத்தில் துடிக்கத் தொடங்குவதே வலிப்பு. மருந்துகள் இந்த இடங்களில் ஒன்றையோ பலவற்றையோ பிடித்து நிறுத்துகின்றன. இதே சோடியம், கால்சியம் வாயில்கள் வலியைக் கொண்டுபோகும் நரம்பிலும் இதயத் தசையிலும் உண்டு. மனநிலையை ஆளும் மூளைப் பகுதிகளிலும் காபாவும் குளூட்டமேட்டும்தான் வேலை செய்கின்றன. ஆகவே வலிப்பு மருந்து வேறு நோய்களிலும் கைகொடுப்பதில் வியப்பு இல்லை. ஆனால் இந்த விளக்கம் எல்லாம் பின்னால் வந்தது. பயன் முதலில் யாரோ ஒருவர் கண்ணில் பட்டது. காரணம் பல ஆண்டுகள் கழித்தே பிடிபட்டது.

தொடக்கமே அப்படித்தான். 1857இல் லண்டனில் நடந்த மருத்துவர் கூட்டம் ஒன்றில், சர் சார்லஸ் லோகாக் எழுந்து, பொட்டாசியம் புரோமைடு கொடுத்துச் சில பெண்களின் வலிப்பைக் கட்டுப்படுத்தியதாகச் சொன்னார். அந்த வலிப்பு மாதவிடாயோடு தொடர்புடைய கோளாறு என்பது அவர் எண்ணம். எண்ணம் தவறு, மருந்து சரி. 1912இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் ஆல்ஃபிரட் ஹவுப்ட்மான் என்ற இளம் மருத்துவர், லூமினால் என்ற பெயரில் வந்த தூக்க மருந்தை வலிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்தார். வார்டுக்கு மேல்மாடியில் குடியிருந்த அவர், இரவெல்லாம் நோயாளிகள் படும் பாட்டைக் கேட்டு, அவர்கள் தூங்கட்டும் என்றே கொடுத்ததாகச் சொல்வார்கள். தூங்கினார்கள், அதோடு பகலில் வரும் வலிப்பும் குறைந்தது. அதுதான் ஃபீனோபார்பிட்டால். அவர் யூதர். நாஜி ஆட்சியில் வேலை போய், நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது.

இப்படி முதல் இரண்டு மருந்துகளும் தூக்கம் தருபவையாக அமைந்ததால், மயக்கம் தராத மருந்து வலிப்பை அடக்காது என்ற எண்ணம் மருத்துவ உலகில் ஊறிப்போயிற்று. அதை உடைத்தது அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். 1908இல் ஹைன்ரிஷ் பில்ட்ஸ் ஜெர்மனியில் உருவாக்கிய ஃபெனிடாயின், தூக்கம் தரவில்லை என்பதால் பயனற்றது என்று ஒதுக்கப்பட்டிருந்தது. பாஸ்டனில் டிரேசி பட்னம், ஹூஸ்டன் மெரிட் என்ற இரு மருத்துவர்கள் பூனைகளுக்கு மின்னதிர்ச்சியால் வலிப்பை வரவழைத்து, எந்த மருந்து அதைத் தடுக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஒதுக்கப்பட்ட ஃபெனிடாயின் முன்னால் வந்து நின்றது. 1938இல் முடிவுகள் வெளிவந்தன. வலிப்பு நோயாளி தூங்கி வழியாமல் வேலைக்குப் போகலாம் என்ற நிலை அப்போதுதான் பிறந்தது.

ஃபெனிடாயின் சாப்பிட்டவர்களில் சிலருக்கு ஈறு தடித்து, பல்லின் மேல் வளர்ந்து வந்தது. பார்க்க அருவருப்பான பக்கவிளைவு. ஆனால் அதை உற்றுப் பார்த்தவர்களுக்கு வேறொன்று தோன்றியது: ஈறில் திசுவை வளர்க்கும் மருந்து ஆறாத புண்ணில் வளர்க்காதா? தொழுநோயில் உணர்விழந்த பாதத்தில் வரும் புண், சர்க்கரைப் புண், படுக்கைப் புண் ஆகியவற்றின் மீது ஃபெனிடாயின் பொடியைத் தூவிப் பார்த்தார்கள். இந்திய மருத்துவமனைகளிலும் இந்தச் சோதனைகள் நடந்தன. பல புண்கள் விரைவாக ஆறியதாக முடிவுகள் வந்தன. விலை மலிவு, செய்முறை எளிது. ஆனாலும் சோதனைகள் பெரும்பாலும் சிறியவை. உறுதியாகச் சொல்லும் அளவுக்குச் சான்று சேரவில்லை. ஏழை நோயாளிக்கு இவ்வளவு பயன்படக்கூடிய கேள்வி பெரிய சோதனைக்குக் காத்துக் கிடப்பது வருத்தத்துக்குரியது. காப்புரிமை முடிந்த பழைய மருந்தைச் சோதிக்கப் பணம் போட ஆள் கிடைப்பது அரிது.

அதே ஃபெனிடாயினுக்கு வேறு வகையில் ஒரு பணக்காரர் கிடைத்தார். ஜாக் டிரைஃபஸ், அமெரிக்கப் பங்குச்சந்தையில் பெரும்பொருள் ஈட்டியவர். 1960களில் மனச்சோர்வுக்கு இதைச் சாப்பிட்டுக் குணமடைந்ததாக நம்பினார். அறக்கட்டளை அமைத்தார், புத்தகம் எழுதினார், மருத்துவர்களுக்கு அனுப்பிவைத்தார், பெரும்பணத்தை இதற்கே செலவிட்டார். அவருடைய நேர்மையில் ஐயமில்லை. ஆயினும் மனச்சோர்வுக்கான மருந்தாக ஃபெனிடாயினுக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஒருவருக்குக் குணமானது என்ற செய்தி சோதனைக்குத் தூண்டுகோலாகலாம். சோதனையின் இடத்தில் அதை வைக்க முடியாது.

கார்பமசெபினின் கதை நேர்மாறானது. 1953இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில், கைகி நிறுவனத்தின் வால்டர் ஷிண்ட்லர் இதை உருவாக்கினார். முக்கிளை நரம்பு வலி என்று ஒரு நோய் உண்டு. முகத்தின் ஒரு பக்கத்தில் மின்சாரம் பாய்ந்தது போல வெட்டும். சில நொடிகளே இருக்கும். திரும்பத் திரும்ப வரும். பல் துலக்கினால் வரும், சோற்றை மென்றால் வரும், காற்று பட்டால்கூட வரும். பல்வலி என்று எண்ணி நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டவர்கள் ஏராளம். 1962இல் சுவீடனில் சிக்ஃப்ரிட் ப்ளூம் என்ற மருத்துவர், இது நரம்பின் வலிப்பு போன்றதுதானே என்று கருதி, கார்பமசெபினைக் கொடுத்தார். வலி நின்றது. அமெரிக்காவில் இந்த மருந்துக்கு முதல் அனுமதி கிடைத்ததே இந்த வலிக்குத்தான், 1968இல். வலிப்புக்கான அனுமதி பிறகே வந்தது. இன்றும் இந்த நோய்க்கு மருத்துவர் முதலில் எழுதுவது இதைத்தான். ஒரு எச்சரிக்கை உண்டு. ஹெச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இது தோலையே உரித்தெடுக்கும் கொடிய ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்று 2004இல் தைவான் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆசிய மக்களிடையே அந்த வகை கூடுதல். மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில் காய்ச்சலோடு தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

வால்ப்ரோயேட் எண்பது ஆண்டுகள் வெறும் கரைப்பானாகக் கிடந்தது. 1882இல் உருவாக்கப்பட்ட இந்த அமிலத்தில், பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வகத்தில் பியர் எமார் தன் புதிய சேர்மங்களைக் கரைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். 1962 வாக்கில் ஒரு புதிர் தோன்றியது: வெவ்வேறு சேர்மங்கள் எல்லாமே வலிப்பை அடக்கின. எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது கரைப்பான் ஒன்றே. அதைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. 1967இல் பிரான்சில் விற்பனைக்கு வந்தது. இதன் நெருங்கிய உறவான வால்ப்ரோமைடைச் சாப்பிட்ட நோயாளிகளின் மனநிலையும் சீராவதை பியர் லம்பேர் என்ற பிரெஞ்சு மனநல மருத்துவர் 1966லேயே கவனித்து எழுதினார். இன்று இருமுனைக் கோளாறின் எழுச்சி நிலைக்கு இது உலகெங்கும் பயனாகிறது. ஒற்றைத் தலைவலியைத் தடுக்கவும் கொடுக்கிறார்கள். 2001இல் இன்னொன்று தெரியவந்தது. மரபணுக்களைச் சுருட்டி வைத்திருக்கும் புரதங்களைத் தளர்த்துவதைக் கட்டுப்படுத்தும் ஒரு நொதியை இது தடுக்கிறது. அதைப் பற்றிக்கொண்டு புற்றுநோயிலும், உடலில் ஒளிந்திருக்கும் எச்ஐவி கிருமியை வெளிக்கொணரும் முயற்சியிலும் ஆய்வுகள் நடந்தன. அவற்றால் பொது மருத்துவப் பயன் இன்னும் வரவில்லை.

இந்த மருந்தின் கெடுதலை எந்த மேடையிலும் உரக்கச் சொல்ல வேண்டும். கருவுற்ற பெண் வால்ப்ரோயேட் சாப்பிட்டால், பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் பிறவிக் குறைபாடு வருகிறது. முதுகுத்தண்டு மூடாமல் போவதும் அதில் ஒன்று. நூற்றுக்கு 30 முதல் 40 பேர் வரை பேச்சிலோ படிப்பிலோ வளர்ச்சியிலோ பின்தங்குகிறார்கள். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1998 முதல் வலிப்புள்ள கர்ப்பிணிகளின் பதிவேட்டை நடத்தி, இந்த ஆபத்தை நம் பகுதிப் பெண்களிடமே அளந்து வருகிறது. கர்ப்பம் தெரிந்ததும் பயந்து மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்தே. வலிப்பு பெருகித் தாயும் சேயும் பலியாகலாம். கல்யாணத்துக்கு முன்பே, கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசி, மாற்று மருந்துக்கு மாறி, ஃபோலிக் அமிலம் தொடங்குவதுதான் வழி. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று மறைக்கிற குடும்பத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போகிறது. அந்த மௌனத்தின் விலையைக் குழந்தை கொடுக்கிறது.

காபாபென்டின், பெயருக்கு ஏற்ப, காபாவைப் போல வேலை செய்யும் என்று திட்டமிட்டுச் செய்யப்பட்ட மருந்து. செய்து முடித்த பிறகு பார்த்தால் அது காபாவைத் தொடவே இல்லை. கால்சியம் வாயிலின் ஒரு துணைப்பகுதியில் போய் ஒட்டிக்கொள்கிறது. வலி நரம்பு மூட்டும் கூச்சலை அது தணிப்பதால், அக்கி வந்து போன பின் நிற்கும் எரிச்சலுக்கு 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் தம்பியான பிரிகாபலின், சர்க்கரை நோயில் வரும் நரம்பு வலிக்கு 2004இல் அனுமதி பெற்றது. தாத்தாவின் பாத எரிச்சலுக்கு மருத்துவர் எழுதியது இந்த வழியில் வந்தது.

ஆனால் இந்த மருந்துக்குத் தகாத காலமும் ஒன்று இருந்தது. வலிப்புக்கு மட்டும் அனுமதி இருந்த 1990களில், அதை விற்ற வார்னர்-லாம்பர்ட் நிறுவனம் இருமுனைக் கோளாறு, ஒற்றைத் தலைவலி எனச் சான்றில்லாத நோய்களுக்கெல்லாம் எழுதும்படி மருத்துவர்களைத் தூண்டியது. அங்கே வேலை பார்த்த டேவிட் ஃபிராங்க்ளின் வெளியே வந்து வழக்குத் தொடுத்தார். 2004இல் நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. கட்ட வேண்டியிருந்த தொகை 43 கோடி டாலர். இருமுனைக் கோளாறில் முறையாகச் சோதித்தபோது காபாபென்டின் போலி மாத்திரையைவிட மேலாக இல்லை. அதற்குள் எத்தனையோ பேர், வேலை செய்யும் மருந்துக்குப் பதில் இதை விழுங்கியிருந்தார்கள். மேலும் இவ்விரு மருந்துகளும் தலைச்சுற்றல், கால் வீக்கம் தருபவை. முதியவர் தடுக்கி விழக் காரணமாகலாம். தவறாகப் பயன்படுத்தப்படுவது பெருகியதால், பிரிட்டன் 2019இல் இரண்டையும் கட்டுப்பாட்டு மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

டோபிரமேட்டை 1979இல் புரூஸ் மேரியனாஃப் உருவாக்கியது சர்க்கரை நோய்க்கு மருந்து தேடும்போது. அது வலிப்புக்கும், பிறகு 2004 முதல் ஒற்றைத் தலைவலியைத் தடுப்பதற்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பசியைக் குறைத்து எடையைக் குறைக்கிறது என்பதால், வேறொரு மருந்தோடு சேர்த்து உடல் பருமனுக்கும் 2012இல் அனுமதித்தார்கள். விரல்நுனி மரத்தல், சொல் நினைவுக்கு வராமல் தடுமாறுதல் ஆகியவை அதன் தொல்லைகள். பாதை எதிர்த்திசையிலும் ஓடியிருக்கிறது: இதய வால்வைக் கெடுக்கிறது என்று 1997இல் திரும்பப் பெறப்பட்ட எடைக்குறைப்பு மருந்தான ஃபென்ஃப்ளூரமின், குழந்தைகளைத் தாக்கும் ட்ராவெட் என்னும் கொடிய வலிப்பு நோய்க்கு, இதயப் பரிசோதனை நிபந்தனையோடு, 2020இல் திரும்பி வந்தது.

ஜப்பானில் மிஹோ முராட்டா என்ற மருத்துவரிடம் பார்க்கின்சன் நோயாளி ஒருவர் இருந்தார். அவருக்கு வலிப்பும் வரவே, சோனிசமைடு கொடுக்கப்பட்டது. வலிப்பு நின்றதோடு உடலின் விறைப்பும் மந்தமும் தளர்ந்தன. தற்செயல் என்று விட்டுவிடாமல் முராட்டா மற்ற நோயாளிகளிடமும் பார்த்தார். பிறகு கட்டுப்பாட்டுச் சோதனைகள் நடந்தன. வலிப்புக்குத் தேவைப்படும் அளவில் சிறு பங்கான 25 மில்லிகிராமே போதுமானதாக இருந்தது. 2009இல் ஜப்பான் அதைப் பார்க்கின்சனுக்கு அனுமதித்தது. ஒரு நோயாளியைக் கூர்ந்து பார்ப்பதில் தொடங்கி அனுமதியில் முடியும் பாதையை ஒழுங்காக நடந்து காட்டிய கதை இது.

இப்போது எதிர்பார்ப்பு மறதி நோயின் பக்கம் திரும்பியிருக்கிறது. அல்சைமர் நோயில் மூளை மங்குகிறது என்பதே வழக்கமான எண்ணம். ஆனால் மரபணு மாற்றிய எலிகளிலும் பிறகு மனிதரிலும், நினைவைத் தாங்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி தொடக்கத்தில் மிகையாகத் துடிப்பதைக் கண்டார்கள். வெளியே தெரியாத வலிப்பு மின்னலைகளும் சிலரிடம் பதிவாயின. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் மைக்கேலா கலகர் குழு, லேசான நினைவுக் குறைவு உள்ளவர்களுக்கு லெவெடிராசிட்டம் என்ற வலிப்பு மருந்தைச் சிறு அளவில் கொடுத்து, நினைவுச் சோதனையில் முன்னேற்றம் கண்டதாக 2012இல் வெளியிட்டது. 2021இல் கீத் வாசல் குழுவின் சோதனையில் அல்சைமர் நோயாளிகள் அனைவரையும் சேர்த்துப் பார்த்தபோது பயன் தெரியவில்லை. வலிப்பு மின்னலைகள் உள்ளவர்களிடம் மட்டும் சில திறன்களில் முன்னேற்றம் தென்பட்டது. கலந்துகொண்டவர்கள் 34 பேர். பாட்டியின் மறதிக்கு இதை வாங்கிக் கொடுக்கலாம் என்று சொல்ல இது போதாது. யாரிடம் மின்னலை பார்த்துச் சோதிக்க வேண்டும் என்று சொல்லப் போதும்.

இந்த மருந்துகள் யாருக்காகப் பிறந்தனவோ அவர்களின் கணக்கும் உண்டு. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சரியான மருந்து கிடைத்தால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம். ஏழை நாடுகளில் நால்வரில் மூவருக்கு அந்த மருந்து கிடைப்பதில்லை. கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும், கோயில் வாசலில் காத்திருப்பதும், பாதிக் குணமானதும் மாத்திரையை நிறுத்துவதும் அந்த இடைவெளியின் பகுதிகள். கர்நாடகத்தின் எளந்தூர் வட்டாரக் கிராமங்களில் டாக்டர் கே. எஸ். மணியின் குழு, ஃபீனோபார்பிட்டாலும் ஃபெனிடாயினும் மட்டும் கொடுத்து, ஐந்தாண்டுகள் நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. மிகப் பழைய, மிக மலிவான அந்த இரண்டு மாத்திரைகளே, ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் பெரும்பகுதியினரின் வலிப்பைக் கட்டுப்படுத்தின. அந்த முடிவுகள் 2001இல் லான்செட் இதழில் வெளிவந்தன.