நடந்து போகும் தூரத்தில் ஒரு வீடு



கிராமத்தில் ஊர் வேறு, சேரி வேறு. அந்தக் கோட்டிலிருந்து விடுபடத்தான் நகரத்துக்குப் போகச் சொன்னார் அண்ணல் அம்பேத்கர். வந்தோம். சென்னையிலும் கோடு இருந்தது. இங்கே அது நில உபயோக வரைபடத்தில் இருந்தது.

நகரமைப்பு அறிஞர்கள் இன்று எதை நல்ல குடியிருப்பு என்கிறார்கள்? நெருக்கமான வீடுகள், கீழே கடை, மேலே குடும்பம், வேலையும் பள்ளியும் சந்தையும் நடந்து போகும் தூரத்தில். கூவம் கரையிலும் புளியந்தோப்பிலும் நம் மக்கள் தம் கையால் உருவாக்கியது இதைத்தானே? அதற்கு அரசு வைத்த பெயர் ஆக்கிரமிப்பு.

குடிசையை நாம் போற்றவில்லை. கழிப்பறைக்கு வரிசையில் நின்றவர்கள் நாம். நாம் கேட்டது நல்ல வீடு, கிடைத்தது இடமாற்றம்.

1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. தொடக்கத்தில், குடிசை இருந்த இடத்திலேயே பல மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. வீடு சிறிது, ஆனால் பிழைப்பு பக்கத்தில். 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தெற்கே தள்ளப்பட்டோம். நான்கு வீடுகளில் வேலை முடித்து மதியத்துக்குள் நடந்தே திரும்பிய பெண், இப்போது பேருந்துக்குக் காத்து நிற்கிறார். பல பேர் வேலையையே விட்டார்கள். பிள்ளைகளின் படிப்பு பாதியில் நின்றது. 2021இல் வாரியத்தின் பெயர் மாறியது. தூரம் குறையவில்லை.

விதிகளையும் பாருங்கள். 2019ஆம் ஆண்டின் கட்டட விதிகள் சாலையின் அகலத்தை அளவுகோலாக வைக்கின்றன. 18 மீட்டர் சாலை என்றால், கட்டணம் செலுத்தி 50 சதவீதம் கூடுதல் தளப்பரப்பு பெறலாம். 12 மீட்டருக்கு 40, 9 மீட்டருக்கு 30. நம் சந்துகளின் அகலம் என்ன? விதியில் சாதி என்ற சொல் எங்கும் இல்லை. ஆனால் அகலச் சாலையில் யாருக்கு மனை இருக்கிறது, சந்தில் யார் இருக்கிறார்கள் என்பதைச் சாதிதான் தீர்மானித்தது. உயரும் உரிமை முன்னவர்க்கு, வெளியேற்றம் பின்னவர்க்கு.

2026 முதல் 2046 வரைக்கான மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகி வருகிறது. நாம் கேட்க வேண்டியவை மூன்று: இருக்கும் இடத்திலேயே வீடு, சந்துகளுக்கென்று தனி விதி, வீட்டு வாசலில் தொழில் செய்யும் உரிமை. மாணவர்களே, அந்த வரைபடத்தை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நம் தெரு அதில் என்ன நிறத்தில் இருக்கிறது என்று தெருக்காரர்களிடம் போய்ச் சொல்லுங்கள். வண்டி வந்து நின்ற பிறகு பேசிப் பயனில்லை.

ஜெய்பீம்.