அறைந்தது பேயா?

(திருப்பருத்திக்குன்றத்தில் செய்த சொற்பொழிவு)



இருட்டில் மிரண்டு ஓடிவந்தவனைப் பார்த்துப் "பேயறைந்த முகம்" என்கிறோம். முகம் வெளுத்திருப்பது மெய். கை ஜில்லிட்டிருப்பதும் மெய். இவைகளை நான் மறுக்கவில்லை. ஆனால் கன்னத்தில் அறை விழுந்தால் சிவக்குமேயொழிய வெளுக்குமா என்று கேட்கிறேன்.

இரத்தக் குழாயின் சுவரில் வளையம் போன்ற சதை இருக்கிறது. பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை இழுத்தால் வாய் குறுகும். பயம் வந்தவுடன் நரம்பு நுனியிலிருந்து நார்-அட்ரினலின் என்னும் பொருள் கசிந்து அந்தக் கயிற்றை இழுக்கிறது. பயம் கடுமையானால் நியூரோபெப்டைடு-ஒய் என்னும் இன்னொரு பொருளும் கூடவே வந்து, இழுத்த கயிற்றை நெடுநேரம் தளரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. தோலுக்கும் குடலுக்கும் போகும் இரத்தம் குறைந்து, ஓடுவதற்கு வேண்டிய சதைகளுக்குத் திருப்பப்படுகிறது. முகம் வெளுப்பது இதனால்தான். பேய் பொய்; பயம் மெய். உடம்பு மெய்யான பயத்துக்குத்தான் வேலை செய்கிறது.

இந்தப் பொருளை எந்த மகானும் ஞானதிருஷ்டியில் காணவில்லை. 1982இல் ஸ்வீடன் தேசத்துக் கரோலின்ஸ்கா நிலையத்தில் தத்தெமோத்தோ என்னும் ஜப்பானியர், பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்தார். அது 36 கண்ணிகள் கொண்ட சங்கிலி. இழை எண்ணிப் பழகிய நெசவாளத் தோழர்களுக்கு 36 எண்ணுவது பெரிதல்ல. மனிதனுடைய சங்கிலிக்கும் பன்றியினுடையதற்கும் ஒரே ஒரு கண்ணிதான் வித்தியாசம். மற்ற 35ம் ஒன்றே. பன்றிக்கும் நமக்குமே இவ்வளவுதான் என்றால், மனிதனுக்கு மனிதன் மேல்சாதி, கீழ்சாதி என்று பேசுவதற்கு இங்கே இடமேது?

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். மாரடைப்பு வந்தவனுக்கும் இதே நரம்புகள் முடுக்கப்பட்டு முகம் வெளுக்கும். குளிர்ந்த வியர்வை கொட்டும். அதைக் "காற்று கறுப்பு" என்று சொல்லி, வேப்பிலை அடித்து, தாயத்துக் கட்டி உட்கார்ந்திருந்தால், அடைபட்ட குழாய் திறக்குமா? இரத்தம் கிடைக்காத இருதயச் சதை நிமிஷத்துக்கு நிமிஷம் செத்துக்கொண்டிருக்கும். பூசாரி தட்சணை வாங்குவான். போன உயிரை வாங்கித் தருவானா?

ஆகவே தோழர்களே! மார்வலியும் வியர்வையும் கண்டால் மந்திரவாதி வீட்டுக்கு ஓடாதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள். வண்டிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான் சொன்னதற்காக நம்ப வேண்டாம். அடுத்த முறை பயம் வரும்போது உங்கள் கையையே தொட்டுப் பாருங்கள். பிறகு உங்கள் அறிவைக் கொண்டு யோசித்து முடிவு செய்யுங்கள்.