செய்தி சென்று சேர்கிறதா?

மனிதரிடையே நிகழும் செய்தித் தொடர்பை அறிஞர்கள் பலவாறு விளக்கியுள்ளனர். 1948-இல் ஹரால்டு லாஸ்வெல் அதனை ஐந்து வினாக்களில் அடக்கினார்: சொல்பவர் யார், சொல்வது எது, எவ்வழியாக, யாருக்கு, விளைவு என்ன? அதே ஆண்டில் கிளாட் ஷானன், அனுப்பப்படும் செய்தி வழியில் இரைச்சலால் சிதையக்கூடும் என்பதைக் கணித முறையில் காட்டினார். 1954-இல் வில்பர் ஷ்ராம், அனுப்புநர், பெறுநர் ஆகிய இருவருக்கும் பொதுவான அனுபவம் எவ்வளவு உண்டோ அவ்வளவே பொருள் விளங்கும் என்றார். பெறுநரின் மறுமொழிக்கும் இடமளித்தார்.

இக்கோட்பாடுகள் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், உடும்பன்சோலை வட்டத்திலுள்ள சாந்தன்பாறையை எடுத்துக்கொள்வோம். இங்குள்ள ஏலத் தோட்டங்களில் உள்ளூர்த் தமிழரும் வேலை செய்கின்றனர். போடிநாயக்கனூர்ப் பகுதியிலிருந்து மலையேறி வருவோரும், அண்மைக் காலமாக வடமாநிலத்தவரும் உள்ளனர். இலைப்பேனையும் தண்டுத் துளைப்பானையும் ஒழிக்கத் தெளிக்கப்படும் மருந்து, தெளிப்பவருக்கும் நஞ்சாகும்.

1971-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்து விதிகளின்படி, ஒவ்வொரு கொள்கலத்தின் மீதும் நஞ்சின் கடுமையைக் காட்டும் வண்ணக் குறியீடு இருத்தல் வேண்டும். சிவப்பு மிகக் கொடியது; அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. உடன் வைக்கப்படும் துண்டுப் பிரசுரம் இந்தி, ஆங்கிலம், ஒன்று அல்லது இரண்டு வட்டார மொழிகள் ஆகியவற்றில் அமைய வேண்டும்.

அனுப்புநர் தம் கடமையைச் செய்துவிட்டார். ஆயினும் செய்தி சேர்ந்ததா? பச்சை என்றால் 'போகலாம்' என்று சாலை விளக்கு கற்பித்திருக்கிறது. அப்பழக்கத்தில் ஒருவர் பச்சைக் குறியை 'ஆபத்தில்லை' எனக் கொள்ளக்கூடும். மஞ்சள் நீலத்தைவிடக் கொடியது என்பதும் சொல்லாமல் விளங்காது. பிரசுரம் மலையாளத்தில் இருந்தால் தமிழ் மட்டும் அறிந்தவருக்கு அது வெறுந்தாளே. மருந்தைத் தோட்டத்தில் வேறு கலத்திற்கு மாற்றிவிட்டால் குறியீடே மறைந்துவிடும். இவையே இங்குள்ள 'இரைச்சல்'.

இதனை வெல்லும் வழி நம் நாட்டில் முன்னரே கண்டறியப்பட்டது. 1956-இல் பூனா வானொலி நிலையம், அன்றைய பம்பாய் மாநிலத்தின் ஏறத்தாழ 150 சிற்றூர்களில் உழவர் மன்றங்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தியது. மன்றத்தினர் ஒலிபரப்பைக் கேட்டனர், கூடி விவாதித்தனர், தம் ஐயங்களை நிலையத்திற்கு எழுதி விடை பெற்றனர். ஒருவழிப் பாதை இருவழிப் பாதையாயிற்று.

ஏலமலையிலும் இது இயலும். மருந்து கலக்குமுன், தெளிப்பவரின் மொழியிலேயே எச்சரிக்கையைக் கூறி, அவர் புரிந்துகொண்டதை அவர் வாயாலேயே திரும்பச் சொல்லச் செய்தல் வேண்டும். இதற்குத் தனிச் செலவில்லை. எத்தனை பிரசுரங்கள் வழங்கப்பட்டன என்பது அலுவலகக் கணக்கு; எத்தனை பேர் கையுறையும் முகமூடியும் அணிந்து தெளித்தனர் என்பதே செய்தித் தொடர்பின் கணக்கு.