புழுங்கல் அரிசி தந்த பாடம்



நாங்கள் மருத்துவர்கள் அல்லர். அரிசியும் சீனியும் விற்பவர்கள். ஆனால் நோய் எப்படி உண்டாகிறது என்பதை உலகத்துக்கு விளக்கியதில் அரிசிக்கும் ஒரு பங்கு உண்டு. அது நடந்தது நம் நாட்டிலேயே.

நூறாண்டுகளுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கானோரைப் பலி கொண்டது. கால் மரத்துப்போகும், வீங்கும், முடிவில் இதயம் செயலிழக்கும். ஈயச் சுரங்கத்தில் உழைத்த சீனர்களை அது வாட்டியது. தோட்டத்தில் உழைத்த தமிழர்களுக்கு அரிதாகவே வந்தது. சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. நம்மவர் உண்டது புழுங்கல் அரிசி. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன் இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டினார்.

1905 இறுதியில் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் கோலாலம்பூர் மனநல விடுதியில் இதைச் சோதித்தார். ஒரு பிரிவினருக்குப் பச்சரிசி, மறு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசி. இடம்தான் காரணமோ என்று இரு பிரிவினரையும் இடம் மாற்றியும் பார்த்தார். ஓராண்டில் பச்சரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் அரிசிப் பிரிவில் ஒருவரும் இறக்கவில்லை.

காரணம் பின்னர்தான் தெளிவானது. நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்குகிறது. பச்சரிசியைத் தீட்டினால் அது தவிட்டோடு போய்விடும். அது இல்லாமல் உடல் சோற்றைச் சக்தியாக மாற்ற முடியாது. உடலில் அதன் இருப்பு சில வாரங்களுக்கே தாங்கும். கடையில் சரக்கு தீர்வதுபோல் அது ஓசையின்றித் தீர்ந்தபின் நரம்பும் இதயமும் தளர்கின்றன.

ஆக, நோய் வரும் வழி ஒன்றல்ல. மலேரியா கொசுக்கடியால் வெளியிலிருந்து வருகிறது. பெரிபெரி குறைவால் வந்தது. இன்று நம்மை வாட்டும் இனிப்புநீரோ பெரும்பாலும் பரம்பரையோடு அளவுமீறிய உணவும், உழைப்பில்லாத உடலும் சேர்ந்து வருகிறது. 2023 தேசிய உடல்நல ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு அது இருக்கிறது.

இதுவும் ஓசையின்றியே வளர்கிறது. இரத்தத்தில் மிகும் சீனி ஆண்டுக்கணக்கில் கண், சிறுநீரகம், கால் ஆகியவற்றின் நுண்ணிய இரத்தக்குழாய்களைக் கெடுக்கிறது. அப்போது வலி இருக்காது. வலிக்கவில்லை என்று நாம் சும்மா இருந்துவிடுகிறோம். கால் மரத்து, ஆணி குத்தியதுகூடத் தெரியாமல், புண் ஆறாதபோதுதான் ஓடுகிறோம்.

புழுங்கல் அரிசி என்பதற்காக இரண்டு தட்டுச் சோறு சாப்பிடலாம் என்று பொருளல்ல. நம் தாத்தாமார் அந்தச் சோற்றை உண்டு பகல் முழுதும் தோட்டத்தில் உழைத்தார்கள். நாம் அதே சோற்றை உண்டு நாற்காலியில் அமர்ந்திருக்கிறோம்.

எனவே புக்கிட் பெலிம்பிங் குடும்பங்களுக்கு எங்கள் வேண்டுகோள் மூன்று. முப்பது வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கொரு முறை அரசாங்க கிளினிக்கில் இரத்தத்தில் சீனி அளவைப் பரிசோதியுங்கள். இனிப்புநீர் உள்ளவர்கள் தினமும் இரவில் பாதங்களைப் பாருங்கள். நம் கெண்டூரிகளில் தேநீரில் சீனி கலக்காமல் தனியே வைப்போம்.

சீனி வியாபாரம் கொஞ்சம் குறையும். குறையட்டும். கடைக்கு வருகிறவர்கள் தங்கள் காலாலேயே நடந்து வந்தால் அதுவே எங்களுக்கு இலாபம்.