பேரம் என்னும் பாடம்

சந்தைக்குச் செல்வோர் எவரும் பேரம் பேசுவதற்குப் பள்ளிக்கூடம் சென்று படித்ததில்லை. கடைக்காரர் ஒரு விலை சொல்வதும், வாங்க வந்தவர் அதிற் பாதிக்குக் கேட்பதும், அவர் இரண்டடி நடந்ததும் கடைக்காரர் திரும்ப அழைப்பதும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகிய காரியங்கள். ஆகவே, வர்த்தகமும் விற்பனையும் பயிலும் மாணவருக்குப் பேரம் பேசுதல் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகிறது என்றால், நேயர்களுட் சிலர் நகைக்கவுங் கூடும். நாவன்மை பிறவியிலே வருவது. அதை வகுப்பறையில் எவ்வாறு ஊட்டுவது என்று அவர்கள் கேட்கலாம்.

இக்கேள்விக்கு விடை காண்பதாயின், பேரத்திலே பயன் தருவது நாவன்மைதானா என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.

அமெரிக்க நாட்டிலே 1868ஆம் ஆண்டிற் பிறந்து 1933இல் மறைந்தவர் மேரி பாக்கர் பொலெற் அம்மையார். தொழில் முகாமை பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர். 1925இல் நியூ யோர்க் நகரிலே ஆற்றிய உரையொன்றில் அவர் சிறு சம்பவம் ஒன்றைக் கூறினார். ஹாவாட் நூலகத்தின் சிறிய அறையொன்றில் அவரும் வேறொருவரும் இருந்தனர். மற்றவர் யன்னலைத் திறக்க விரும்பினார். அம்மையாரோ அது மூடியிருப்பதையே விரும்பினார். பாதி திறந்து பாதி மூடினால் இருவருக்கும் குறையே மிஞ்சும். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. ஆளில்லாத அடுத்த அறையின் யன்னலைத் திறந்தனர். மற்றவர் வேண்டியது காற்றோட்டம். அம்மையார் வேண்டாதது நேரே தம்மேல் வீசிய வாடைக்காற்று. இருவரும் தாம் வேண்டியதை முழுமையாகவே பெற்றனர்.

அதே உரையில் பால் உற்பத்தியாளரின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைப் பற்றியும் அவர் சொன்னார். பாற்பண்ணை ஒரு சரிவில் இருந்தது. மேட்டிலிருந்து இறங்கி வருவோர், பாற்பாத்திரங்களைத் தாமே முதலில் இறக்க வேண்டும் என்றனர். கீழிருந்து ஏறி வருவோரும் அவ்வாறே வாதித்தனர். சங்கமே சிதைந்துவிடும் நிலை உண்டாயிற்று. ஈற்றில், பாத்திரம் இறக்கும் மேடையின் நிலை மாற்றப்பட்டது. இரு சாராரும் ஒரே நேரத்தில் இறக்க வழி பிறந்தது.

ஒருவர் வாயாற் கேட்பது ஒன்று. அவர் உள்ளத்தில் அதைக் கேட்கத் தூண்டிய தேவை வேறொன்று. இவ்வேறுபாடே பாடத்தின் அத்திவாரம். ஹாவாட் சட்டக் கல்லூரியில் 1979இல் பேச்சுவார்த்தை பற்றிய ஆய்வுத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அதனைச் சார்ந்த றொஜர் பிஷரும் வில்லியம் யூரியும் 1981இல் வெளியிட்ட நூல் இக்கருத்தை உலகெங்கும் பரப்பிற்று. ஒரு தோடம்பழத்துக்காகச் சண்டையிட்டு அதை இரண்டாகப் பிளந்துகொண்ட இரு பிள்ளைகளின் கதை அதில் வருகிறது. ஒரு பிள்ளை சுளையை உண்டு தோலை எறிந்தது. மற்றது கேக் செய்வதற்குத் தோலை எடுத்துக்கொண்டு சுளையை எறிந்தது. ‘எதற்காக?’ என்ற ஒரு கேள்வியை எவரும் கேட்காததனாற் பாதிப் பழம் வீணாயிற்று.

இக்கதையைக் கேட்டுத் தலையசைப்பது எளிது. பேரம் தொடங்கியதும் அதை மறந்துவிடுவது அதனினும் எளிது. ஆதலால், இப்பாடத்தை விரிவுரையாற் புகட்ட முடியாது. மாணவர் செய்து பார்த்தே கற்க வேண்டும். ஆசிரியர் மாணவரை இருவர் இருவராக அமர்த்துவார். எடுத்துக்காட்டாக, பழைய மாவரைக்கும் இயந்திரம் ஒன்றை விற்க வேண்டும் எனக் கொள்வோம். விற்பவரின் தாளில் ‘60,000 ரூபாவுக்குக் குறைந்தால் விற்காதே’ என்றிருக்கும். வாங்குபவரின் தாளில் ‘80,000 ரூபாவுக்கு மேற் கொடுக்காதே’ என்றிருக்கும். ஒருவர் தாளை மற்றவர் பார்த்தலாகாது. அரைமணி நேரம் கழிந்ததும் முடிவுகள் யாவும் கரும்பலகையில் எழுதப்படும். ஒரு சோடி 63,000 ரூபாவில் முடித்திருக்கும். இன்னொரு சோடி 77,000 ரூபாவில் முடித்திருக்கும். வேறொரு சோடி கோபித்துக்கொண்டு பிரிந்திருக்கும். இயந்திரம் ஒன்றே, தாள்களும் ஒன்றே. வேறுபட்டது பேசிய முறைதான். முதலிற் சொன்ன தொகை பின்வந்த பேச்சை எவ்வாறு தன்பக்கம் இழுத்தது, எவர் அவசரப்பட்டார், எவர் மௌனத்துக்கு அஞ்சி விலையை இறக்கினார் என்பன அப்போதுதான் வெளியாகும். தன் தவறு கரும்பலகையில் எண்ணாக நிற்பதைக் கண்ட மாணவன் அதை எளிதில் மறப்பதில்லை.

ஆயினும் எல்லாப் பேரமும் தோடம்பழப் பேரமாகிவிடாது என்பதையும் நல்லாசிரியர் மறைக்கமாட்டார். விலை ஒன்றே பொருளாக நிற்கும்போது, ஒருவர் பெறும் ஒவ்வொரு ரூபாவும் மற்றவர் இழக்கும் ரூபாவே. அத்தகைய வேளையிலே தன் தேவை முழுவதையும் திறந்து காட்டுபவன் ஏமாற்றப்படலாம். அவனுக்குக் காவல் யாது? இப்பேரம் முறிந்தால் தான் செய்யக்கூடியது என்ன என்பதை முன்னரே ஆராய்ந்து வைத்திருப்பதே காவல். வேறொரு வியாபாரியிடம் விலை கேட்டு வைத்தவன் தயக்கமின்றி எழுந்து செல்வான். அவ்வாறு கேட்டு வையாதவன் எத்துணைச் சொல்வன்மை படைத்தவனாயினும் இறுதியிற் பணியவே நேரும். சந்தையில் இரண்டடி நடப்பவரின் பலமும் அடுத்த கடையில்தான் இருக்கிறது.

எஞ்சுவது உண்மை பேசுதல் பற்றிய கேள்வி. தன் இறுதி விலையைச் சொல்லாதிருத்தல் பொய்யன்று. இல்லாத வேறொரு கொள்வனவாளரை இருப்பதாகச் சொல்லுதல் பொய். இவ்விரண்டுக்கும் இடையே கோடு கிழித்துக் காட்டாத வகுப்பு, தந்திரம் கற்பிக்கும் வகுப்பாகவே முடியும். பயிற்சியிலும் இது தெளிவாகும். ஒரு முறை பொய் சொல்லி அதிகம் பெற்ற மாணவனோடு, அடுத்த பயிற்சியிற் சோடி சேர்பவர் தம் தேவை எதையும் வெளியிடமாட்டார். அப்போது சுளை யாருக்கு, தோல் யாருக்கு என்று கண்டறிய வழியே இராது. பொய்யன் அன்று பெற்ற இலாபத்துக்கு மறுநாள் பாதிப் பழத்தை விலையாகக் கொடுக்கிறான்.

ஆகவே, பேரம் கற்பிக்கக்கூடிய கலைதானா என்று ஐயுறுவோர் ஒன்றைக் கவனித்தல் நன்று. இவ்வகுப்பில் மாணவன் பயில்வன, வருமுன் ஆராய்ந்து வருதலும், ‘எதற்காக?’ என்று கேட்டலும், விடை வரும்வரை பொறுத்திருத்தலுமே. இவற்றுள் எதுவும் பிறவியில் வருவதன்று. நன்றாகப் பேசத் தெரியாத பிள்ளையும் இவற்றைக் கற்கலாம். நன்றாகப் பேசத் தெரிந்த பிள்ளை கட்டாயம் கற்க வேண்டும்.