சிவப்பு விளக்கு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது உபயோகமாப் பேசுங்க" என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். என் வெற்றிகளைப் பற்றிப் பேசினால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆகவே ஒரு தோல்வியைச் சொல்கிறேன்.

போடியில் என் பெரியப்பா ஏலக்காய் வியாபாரி. அவரிடம் ஒரு பிரிமியர் பத்மினி இருந்தது. 1089 சி.சி. எஞ்சின், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ஃபியட்தான். இத்தாலிய ஃபியட் 1100-இன் வாரிசு அல்லவா! மும்பையில் டாக்ஸியாக ஓடிய பத்மினிகளும் 2023 அக்டோபரோடு விடைபெற்றுவிட்டன. இந்தத் தலைமுறை மாணவர்கள் அதைப் பழைய சினிமாவில்தான் பார்த்திருப்பீர்கள்.

நான் பி.இ. முடித்த புதிது. பெரியப்பாவும் நானும் போடிமெட்டுக்குப் புறப்பட்டோம். முந்தல் தாண்டினால் ஏற்றம்; மேலே போய்ச் சேர 17 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில், வளைவில் திரும்பும்போதெல்லாம் டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் விளக்கு சிவப்பாக மினுக்கியது. நேர் ரோட்டில் அணைந்துவிடும்.

பெரியப்பா ஓரங்கட்டினார். "என்னப்பா எஞ்சினியரு, என்னன்னு பாரு" என்றார்.

பானெட்டைத் திறந்தேன். எஞ்சினில் ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும். அழுத்தம் குறைந்தால் அதன் உள்ளே இருக்கும் தொடுமுனை சேர்ந்து, மின்சாரம் பாடிக்குப் போய் விளக்கு எரியும். இது எனக்குத் தெரியும். எஞ்சின் ஓடும்போதே சுவிட்சிலிருந்து ஒயரைக் கழற்றினேன். விளக்கு அணைந்தது. "சுவிட்ச் போச்சு பெரியப்பா. எஞ்சின்ல ஒண்ணுமில்ல" என்றேன். ஒயரை அப்படியே தொங்கவிட்டுப் பானெட்டை மூடினேன். அவர் மறுகேள்வி கேட்கவில்லை. பையன் படிச்சவன் ஆச்சே!

இன்னும் நாலைந்து வளைவுதான் ஏறியிருப்போம். உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி "டக் டக்" சத்தம். வண்டியை நிறுத்தினோம். அதன்பிறகு தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஒரு ஜீப்தான் எங்களைக் கயிறு கட்டிக் கீழே இறக்கியது.

போடி மெக்கானிக் முதலில் செய்தது என்ன தெரியுமா? டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். கீழ்க்கோட்டில்கூட ஆயில் இல்லை. சீல் கசிந்து ஆயில் குறைந்திருக்கிறது. வளைவில் சம்ப்பில் இருந்த கொஞ்ச ஆயிலும் ஒருபக்கம் ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கிறது. அதைத்தான் விளக்கு சொல்லியது.

"ஒயரக் கழட்டினா விளக்கு அணையத்தான் செய்யும் தம்பி. சுவிட்ச் கெட்டிருந்தாலும் அணையும், நெசமாவே ஆயில் இல்லன்னாலும் அணையும். இதுல நீங்க என்னத்தக் கண்டுபிடிச்சீங்க?" என்றார் அவர்.

எனக்குப் பதில் வரவில்லை. நான்கு வருஷப் படிப்பை ஒரே கேள்வியில் கரைத்துவிட்டார். ஒயரைக் கழற்றியும் விளக்கு எரிந்தால், ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது என்று அர்த்தம். அணைந்தால், ஒயர் நல்லது என்பது மட்டுமே தெரியும். மற்றது எதுவும் தெரியாது.

அவர் சொல்லித்தந்த வரிசை இது. விளக்கு எரிந்தால் உடனே எஞ்சினை அணை. சமதரையில் நிறுத்திச் சற்றுப் பொறுத்து ஆயில் அளவைப் பார். குறைந்திருந்தால் ஊற்று, எங்கே கசிகிறது என்று தேடு. அளவு சரியாக இருந்தும் எரிந்தால், சுவிட்ச் இருக்கும் துளையில் தனி கேஜ் மாட்டி அழுத்தத்தை அள. அழுத்தம் சரியாக இருந்தால் மட்டும் சுவிட்சைக் குற்றம் சொல். அழுத்தம் இல்லையென்றால் பம்ப், ஸ்ட்ரெயினர், தேய்ந்த பேரிங் என்று உள்ளே போ. இன்னொன்று: சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் ஆகும் முன், அந்த விளக்கு எரிந்தே ஆகவேண்டும். எரியவில்லை என்றால் காவல்காரன் தூங்குகிறான்!

பேரிங்குகள் போய்விட்டன. கிராங்க் ஷாஃப்டைக் கிரைண்ட் செய்ய வேண்டியதாயிற்று. ஏலக்காய் சீசனில் மூன்று வாரம் பெரியப்பா வண்டியில்லாமல் அலைந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அதற்குப்பின் வண்டியில் எதுவானாலும் என்னைக் கேட்பதையும் நிறுத்திவிட்டார். அதுதான் எனக்கு வலித்தது.

இன்று நான் ஓர் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். நடு இரவில் அலாரம் அடிக்கும். "சென்சார்தான் சார் கோளாறு, பைபாஸ் பண்ணிரலாமா?" என்று கேட்பார்கள். சென்சார் கோளாறாகவும் இருக்கலாம். ஆனால் முதலில் கேட்பேன்: "கேஜ் வச்சுப் பாத்தாச்சா?" பாதிப் பேருக்கு என் மேல் கோபம்தான். பரவாயில்லை.

தம்பி தங்கைகளே, ஒரு சோதனை செய்யும் முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: நான் நினைப்பது தப்பாக இருந்தால் இந்தச் சோதனை வேறு விடை தருமா? தராது என்றால் அது சோதனை இல்லை, சமாதானம்.

போன வருஷம் போடிக்குப் போயிருந்தேன். பெரியப்பா தன் புதுக் காரின் சாவியை நீட்டி, "ஏதோ லைட் எரியுதுப்பா, பாரு" என்றார். நான் முதலில் டிப்ஸ்டிக்கைத்தான் உருவினேன். அவர் சிரித்துவிட்டார்.